பக்கத்து இருக்கையின் இருமல்

அகத்தித் தீவில் நான் எத்தனை முறை இறங்கியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. மழையில் இறங்கியிருக்கிறேன், பக்கக்காற்றில் இறங்கியிருக்கிறேன், ஒரு என்ஜின் செத்துப்போன நிலையிலும் இறங்கியிருக்கிறேன். சில சமயம் ஓடுபாதையைத் தாண்டிக் கடலிலும் இறங்கியதுண்டு. ஒருமுறைகூட என் செருப்பில் மணல் ஒட்டியதில்லை. ஏனென்றால் அந்தத் தீவு கொச்சியை அடுத்த ஏலூர் பக்கத்துத் தகரக் கொட்டகை ஒன்றில், ஆறு இரும்புக் கால்களின் மேல் நின்ற வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நீலக் கடலும் தென்னை வரிசையும் தெரியும். மூக்குக்கு மட்டும் உரத் தொழிற்சாலைகளின் ஏலூர் வந்துகொண்டே இருக்கும். கண்ணையும் காதையும் ஏமாற்றத் தெரிந்த பொறியாளர்கள் மூக்கை ஏனோ விட்டுவிட்டார்கள்.

இரட்டை டர்போப்ராப் விமானத்தின் சிமுலேட்டரில் பக்கத்து இருக்கையில் உட்கார நீங்கள் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த இருக்கையை விட்டு எழுந்துபோனவன் என்ற முறையில் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு வேறு ஆளைப் பிடித்திருக்கலாம்.

நம் உத்தியோகம் என்ன என்பதை முதலில் பேசிவிடலாம். துணை விமானி ஒருவர் கேப்டன் ஆக வேண்டுமென்றால் சிமுலேட்டரில் சோதனை உண்டு. இடது இருக்கையில் சோதிக்கப்படுபவர். பின்னால், தொடுதிரைக்கு முன்னால் பரிசோதகர். மழை, காற்று, என்ஜினின் மரணம் எல்லாம் அவர் விரல்நுனியில். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரலும் அவர்தான், பணிப்பெண்ணின் குரலும் அவர்தான். வலது இருக்கையில் ஓர் உடம்பு வேண்டுமே, அதற்குத்தான் நாம். சக்கரத்தை இறக்கு என்றால் இறக்க வேண்டும், சரிபார்ப்புப் பட்டியலைப் படி என்றால் படிக்க வேண்டும். கேட்டதைச் செய்ய வேண்டும், கேட்காததைச் செய்யக் கூடாது. கெட்டிக்காரனாக இருந்தால் சோதனை கெட்டுவிடும், மடையனாக இருந்தாலும் கெட்டுவிடும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைப் பார்த்திருப்பீர்கள். கச்சேரி முடியும்வரை கன்னம் வீங்க ஒரே சுருதி. நன்றாக ஊதினால் யாருக்கும் தெரியாது, பிசகினால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

நானும் ஒரு காலத்தில் நிஜ வானத்தில் துணை விமானியாக இருந்தவன்தான். மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பம். அப்பா கார்ப்பரேஷனில் தெருவிளக்கு மாட்டுபவர். அவருடைய ஏணிதான் எங்கள் வம்சம் அதுவரை தொட்ட உச்சம். அதைத் தாண்டி நான் மேகம்வரை போனேன். பிறகு ஒரு கல்யாண வீட்டில், இலை போட்டபின், பாயசம் வருவதற்கு முன், எனக்கு ஒரு வலிப்பு வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. பாயசமும் கிடைக்கவில்லை, வானமும் போயிற்று. இனிமேல் வராது என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா என்று மருத்துவர் கேட்டார். உங்களுக்கு நாளை நெஞ்சுவலி வராது என்று நீங்கள் சொல்வீர்களா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் எழுத வந்ததைத்தான் எழுதியிருப்பார்.

தரையில் நின்றபடி பறக்கும் பெட்டிக்கு உடல்தகுதிச் சான்று தேவையில்லை. வலிப்பு வந்தால் திரையை நிறுத்திவிட்டு முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். ஆகவே கொட்டகைக்கு வந்துசேர்ந்தேன்.

உள்ளே போனதும் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஒரு மூத்த கேப்டன் இறங்கும் தறுவாயில் பயணிகளுக்கு அறிவிப்புச் செய்வார். பின்னால் பயணிகளே கிடையாது, பரிசோதகரும் ஒரு தீயணைப்புச் சிலிண்டரும் மட்டும். ஆனாலும் அவர் குரல் குழையும். தீவின் அழகு, பவளப்பாறை, ஒத்துழைப்புக்கு நன்றி என்று விஸ்தாரமாகப் போய்க்கொண்டே இருப்பார். ஒருநாள் அந்த விஸ்தாரத்தில் சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் தரையிறங்கினார். திரை சிவந்தது. அவர் மைக்கை வைத்துவிட்டு, "சாயா உண்டோ?" என்று கேட்டார். விமானம் நொறுங்கியதும் சாயா குடிக்கப் போகலாம் என்ற வசதி மனிதனை என்ன செய்யும் என்று அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும். நானும் அவரோடு சாயா குடிக்கப் போய்விட்டேன்.

இனி இருமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு என்ஜின் விமானத்தில் ஒன்று செத்தால் மூக்கு செத்த பக்கம் திரும்பும். எதிர்ப்பக்கக் காலால் மிதியை அழுத்தித்தான் அதை நேரே பிடிக்க முடியும். இடது செத்தால் வலது கால், வலது செத்தால் இடது கால். உயரத்தில் நடந்தால் நிதானமாகக் கருவிகளைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். தரையை ஒட்டி, வேகம் குறைந்திருக்கும்போது நடந்தால் தீர்மானம் காலுக்குத்தான் வர வேண்டும், தலைக்கு நேரம் இருக்காது. சோதனைக்கு வருகிற எல்லோருடைய பயமும் அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பயமும் இல்லை, சோதனையும் இல்லை.

எங்கள் பெட்டியில் பரிசோதகரின் திரை வலப்பக்கச் சன்னல் கண்ணாடியில் மங்கலாக விழும். வலது இருக்கையில் இருப்பவன் கண்ணை ஓரமாக ஓட்டினால் அவர் விரல் எந்த என்ஜினை நோக்கிப் போகிறது என்று தெரிந்துவிடும். இடது இருக்கைக்கு அதைச் சொல்ல, ஒருமுறை இருமினால் இடது, இரண்டுமுறை இருமினால் வலது. யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியாது. நான் சேர்ந்த புதிதில், கான்டீனில் சாயா குடித்துக்கொண்டே எனக்கு இதைச் சொன்னார்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்வதுபோல. இப்போது அந்தச் சன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டார்களாம். வேறு ஏதாவது கண்ணாடி உங்களுக்குக் கிடைக்காமலா போகும்?

நான் இருமியதில்லை. அதை ஒழுக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னை வானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள், இன்னொருவனை ஏற்றிவிட நான் எதற்குத் தொண்டையைச் செலவழிக்க வேண்டும் என்ற வயிற்றெரிச்சல்தான். ஆனால் வயிற்றெரிச்சலும் நாள்பட்டால் நேர்மை என்று பெயர் வாங்கிவிடுகிறது. 'மட்டாஞ்சேரிக்காரன் இருமமாட்டான்' என்று கொட்டகை முழுக்கப் பேராகிவிட்டது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை. இழந்தவனுக்கு ஏதாவது ஒரு மெடல் வேண்டுமே.

ரேவதி பள்ளுருத்திக்காரி. அவளும் தமிழ்க் குடும்பம்தான். அவள் அப்பா தண்ணீர் லாரி ஓட்டியவர். நல்ல துணை விமானி என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். விமானத்தை அவள் ஓட்டுவதில்லை, சமாதானப்படுத்துவாள். அப்படிப்பட்டவள் கேப்டன் சோதனையில் முதல் தடவை தோற்றுப்போனாள். தாழ்வான உயரத்தில் இடது என்ஜின் செத்தபோது கால் சற்றுத் தாமதமாகப் போய், வேகம் விழுந்துவிட்டது. அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர் என் சகா. கான்டீனில் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே புலம்பினார்.

"எடோ, நான் நல்லா கேக்குற மாதிரி இருமினேன். அந்தப் பெண்ணு திரும்பிக்கூடப் பாக்கலை. காது கேக்காத ஆளை எல்லாம் எப்படி விமானத்துல ஏத்துறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கம்பெனியில் இரண்டாவது தடவையும் தோற்றால் அதோடு முடிந்தது. வேலை போகாது. ஆனால் ஓய்வு பெறும்வரை வலது இருக்கைதான். தனக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பட்டியல் படித்துக்கொண்டே கிடக்க வேண்டும்.

இரண்டாவது தடவைக்குப் பக்கத்து இருக்கையில் என்னைப் போட்டார்கள். காலையில் போகிற வழியில் தோப்பும்படியில் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டேன். பாலம் தாண்டினோம். பிறகு கேட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நீங்க இருமுவீங்களா?"

"மாட்டேன்."

"எனக்காகக்கூட?"

"எங்க அம்மா வந்து இடது சீட்டுல உக்காந்தாலும் மாட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். "அய்யோ, அது மதி, போதும். இப்பதான் சமாதானமா இருக்கு. போன தடவை அந்தச் சேட்டன் இருமினாரு இல்ல, அதைக் கேக்கக் கூடாது கேக்கக் கூடாதுன்னே என் பாதி மூளை போயிடுச்சு. காலுக்கு யாரு சொல்லுவா?"

"இன்னைக்கு முழு மூளையும் உனக்குத்தான்."

"முழுசா வெச்சுக்க எனக்குப் பழக்கமில்லண்ணா," என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மடியில் இரண்டு கைகளையும் வைத்து மனசுக்குள்ளேயே ஒரு விமானத்தை ஓட்ட ஆரம்பித்தாள். நான் ரேடியோவை அணைத்தேன்.

பரிசோதகர் கெட்டவர் அல்ல. இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் கிடையாது, அதுதான் இதில் உள்ள கஷ்டம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். சென்னையில் சில காலம் இருந்ததால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். அந்தத் தமிழை, முண்டு அவிழ்த்து வேட்டி கட்டிக்கொண்ட மலையாளம் என்று சொல்லலாம்.

கொச்சியிலிருந்து கிளம்பி அகத்திக்குப் போனோம். பரிசோதகர் தீவின் நுனியில் ஒரு மழைத்திரையைத் தொங்கவிட்டார். அந்த ஓடுபாதை கடலுக்கு நடுவே நீட்டி வைத்த பலகை மாதிரி. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். அப்படிப்பட்ட இடத்தில் மழைக்குள் நுழைந்து வீரம் காட்டியவர்கள் பலரை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பரிசோதகர் கோபுரத்தின் குரலில் அவசரப்படுத்தினார். பின்னால் இன்னொரு விமானம் வருகிறது, உடனே இறங்க முடியுமா என்றார். இல்லாத விமானம்தான். ஆனால் அந்தக் குரலில் இருக்கும் சலிப்பு நிஜமானது, அதற்குப் பயந்தே பாதிப்பேர் உள்ளே பாய்ந்துவிடுவார்கள்.

ரேவதி எரிபொருள் முள்ளைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள். "ஒரு சுற்றுச் சுற்றுகிறோம். மழை நகரட்டும்," என்றாள். சலிப்புக்குச் சலிப்பில்லாமல் பதில் சொன்னாள். சுற்றி வந்தபோது மழை விலகியிருந்தது, காற்று மட்டும் பக்கவாட்டில் அடித்தது. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் துளி சாய்த்து, ஒரு சக்கரத்தை முதலில் வைத்து, அப்புறம் மற்றதை வைத்தாள். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி. பின்னாலிருந்து, "கொள்ளாம்," என்று சத்தம் வந்தது. அந்த மனுஷர் வாயில் அது பொன்னாடை.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. பரிசோதகர் உலகத்தை நிறுத்தினார். விமானத்தைத் தூக்கிக் கடலுக்கு மேலே பழைய இடத்தில் வைத்தார். மறுபடியும் இறங்கி வர வேண்டும். கடைசிக் கட்டத்தில் கோபுரம் ஏதாவது சாக்குச் சொல்லி மேலே போகச் சொல்லும். விசையை முழுதும் தள்ளும்போது ஒரு என்ஜின் சாகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரியாது.

இறங்கிக்கொண்டிருந்தோம். நான் சன்னலைப் பார்க்கவில்லை, உயரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே காற்றுத் திசை மாறியிருக்க வேண்டும். எங்கள் ஏ.சி.யின் வடிகட்டியை மாற்றச் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். அகத்தியின் நீலக் கடலுக்கு மேலே திடீரென்று அமோனியா வாசனை அடித்தது. தொண்டையில் யாரோ ஊசி வைத்துக் கீறியதுபோல இருந்தது. அடக்கினேன். கண்ணில் நீர் கோத்தது. அடக்க அடக்க அது வளர்ந்தது. ஒருமுறை வெடித்தது. பின்னாலேயே இன்னொரு முறை.

அதற்குமேல் வரவில்லை. மூன்றாவதாக ஒன்று வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நோயாளி இருமினால் யாரும் எண்ணமாட்டார்கள்.

அவள் இடது முழங்கால் லேசாக விறைத்ததைப் பார்த்தேன். அது என்ன என்று எனக்குப் புரிவதற்குள், "ஓடுபாதையில் நாய்கள், மேலே போகவும்," என்று கோபுரம் பேசிவிட்டது. ரேவதி விசையைத் தள்ளினாள். இடது என்ஜின் செத்தது. மூக்கு இடப்பக்கம் திரும்பியது. வலது செத்தால் மிதிக்க வேண்டிய இடது காலை அவள் மிதித்தாள்.

இரண்டும் ஒரே பக்கம். இடது இறக்கை விழுந்தது, தென்னை மரங்கள் சாய்ந்து எழுந்து நின்றன, கடல் கண்ணாடி முழுக்க வந்தது. திரை சிவந்தது. பெட்டி பெருமூச்சு விட்டுத் தன் கால்களில் உட்கார்ந்தது. அந்தப் பெண் அசையவில்லை. காலை எடுக்கவும் இல்லை. ஓடாத விமானத்தின் மிதியை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சோதனைக்குப் பிறகு பேசும் சிறிய அறைக்குள் மூவரும் போனோம். பரிசோதகர் ரொம்ப நேரம் தன் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேவதி, போனது இடது. நீ மிதிச்சதும் இடது. எந்தா பற்றியது, என்ன ஆச்சு?"

"கால் மாறிப்போச்சு சார்."

"நின்ட கால் மாறி இதுவரை நான் கண்டிட்டில்ல."

 அவள் உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். இருமல் என்றால், அதற்கு அர்த்தம் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கேப்டன் இருக்கை மட்டுமல்ல, உத்தியோகமே போய்விடலாம். இருமி வந்த என் சகாக்களும் தெருவுக்கு வருவார்கள். நான் பேசாமல் இருந்தால் அவள் ஒருத்தி மட்டும் தோற்பாள், மற்றவர்களின் பிழைப்பு ஓடும். என் வாழ்க்கையில் மிகவும் நெரிசலான சில வினாடிகள் ஏ.சி.கூட ஒழுங்காக ஓடாத அந்த அறையில்தான் கழிந்தன. வானத்தில் எனக்கு அப்படி எதுவும் வாய்த்ததில்லை.

பொய் இல்லாத, ஆனால் முழுசாகவும் இல்லாத ஒரு வாக்கியத்தைக் கட்டினேன்.

"சார், ஏ.சி. வழியா வெளிக்காத்து உள்ள வந்துது. நான் இருமினேன். அந்த நேரத்துல அவங்களுக்குக் கவனம் சிதறியிருக்கும்."

அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"எத்தனை தடவை?"

கொஞ்சம் நின்று இந்தக் கேள்வியைப் பாருங்கள். விஷயம் தெரியாதவர் என்ன கேட்டிருப்பார்? உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பார். ஏ.சி. பையனைக் கூப்பிட்டிருப்பார். எத்தனை தடவை என்று கேட்க ஒருவருக்கு எண்ணிக்கையின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். இவரும் ஒரு நாள் அந்த இடது இருக்கையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமியிருக்கிறார்கள். எனக்கு அது புரிந்தது, எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது. கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் பேனா மூடியைத் திருகினார்.

"எண்ணலை சார்," என்றேன்.

"ரெண்டு," என்றாள் ரேவதி.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பரிசோதகர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காத்து சரியில்ல. அது கொட்டகையோட தப்பு. மெஷினுக்குத் தகராறு வந்தா சோதனை செல்லாதுன்னு விதியே இருக்கு. இந்த ஒண்ணு நடக்கவேயில்லன்னு வெச்சுக்கலாம், கேட்டோ. ஊணு கழிஞ்சு, சாப்பாட்டுக்கு அப்புறம், வேற ஆளைப் பக்கத்துல உக்கார வெச்சு ஆதியிலேருந்து பண்ணலாம்."

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சட்டப்படியானது. காற்று கெட்டிருந்தது நிஜம். நான் இருமியதும் நிஜம். விதியும் நிஜம். யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு வழி எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது. எடுத்துக்கொள் என்று மனசுக்குள் கத்தினேன்.

"வேண்டாம் சார்," என்றாள்.

"எந்தா?"

"காத்து என்னை ஒண்ணும் செய்யலை. அண்ணன் இருமினது கேட்டுது. நான் எண்ணினேன். மீட்டரைப் பாக்குறதுக்கு முந்தியே கால் தீர்மானிச்சிடுச்சு. பின்னால நிஜமா ஆளுங்க இருந்திருந்தா எல்லாரும் செத்திருப்பாங்க. இது பெயில்தான்."

"ஆலோசிச்சுப் பேசு, மோளே. இனி ஒரு சான்ஸ் இல்ல."

"தெரியும் சார்."

அவர் முகம் சிவந்தது. கோபம் அவள்மேல்தான். நல்லது செய்யக் கையை நீட்டியவனை அப்படியே நிற்கவைத்துவிட்டாளே என்ற கோபம். தான் எந்த இருமலில் ஏறி வந்தோம் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். அவள் அதைக் கேட்காமலே கேட்டுவிட்டாள். விடுவிடு என்று எழுதினார், தாளில் பேனா அழுந்தும் சத்தம் கேட்டது. கால் மாறிய குறை என்று எழுதினார். இருமலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்த வகையில் எல்லோரையும் காப்பாற்றினார், காப்பாற்றப்பட வேண்டியவளைத் தவிர.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பாடம் சொல்வது மரபு. இருமாதீர்கள் என்று சொல்லலாம். நான்தான் இருமாதவனாயிற்றே, என்னால் என்ன நன்மை விளைந்தது? ஒன்றே ஒன்று சொல்கிறேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் உங்களிடமிருந்து போகிற எல்லாமே தகவல்தான். பேச்சு, மௌனம், பெருமூச்சு, நாற்காலியை நகர்த்துவது. உங்களுக்கு வந்திருக்கும் நல்ல பேரும்தான், இன்னும் சொன்னால் அதுதான் எல்லாவற்றையும்விடச் சத்தமானது. நீங்கள் அனுப்பவில்லை என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

திரும்பும்போதும் என் காரில்தான் வந்தாள். எனக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி அவளுக்குக் கிடைக்கக்கூடிய இடது இருக்கை அது ஒன்றுதான், அதில் ஸ்டியரிங் கிடையாது. இந்த மாதிரி நகைச்சுவை எனக்கு எந்த நேரத்திலும் தோன்றித் தொலைக்கும். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

கன்டெய்னர் ரோட்டுக்கு வந்ததும் அவள் வெடித்தாள்.

"அந்தாளுக்கு எத்தனைன்னு கேக்கத் தெரியுது பாத்தீங்களா? அவருக்கும் எவனோ இருமித்தான் இருக்கான். எல்லாருக்கும் இருமியிருக்காங்க. எனக்குன்னு பாத்து, நிஜமாவே தொண்டை கரகரக்கிற ஆளு வந்து உக்காந்தீங்க."

"மன்னிச்சுக்க."

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க? இருமல் என்ன, கேட்டுட்டா வரும்?" சீட் பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "வேற எந்தச் சேட்டன் இருமியிருந்தாலும் நான் கால அசைச்சிருக்க மாட்டேன். போன தடவை அசைச்சேனா? நீங்க இருமமாட்டேன்னு சொன்னீங்க. அம்மா வந்தாலும் மாட்டேன்னீங்க. அப்படிப்பட்ட மனுஷன் இருமறாருன்னா, மனசு கேக்காமத்தான் இருமறாரு, உள்ளதாத்தான் இருக்கும்னு... ஒரு செகண்டுண்ணா. ஒரே செகண்டு. அதுக்குள்ள கால் உங்களை நம்பிடுச்சு."

நான் கியரை மாற்றினேன்.

சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீரும் கோரையும். லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வல்லார்பாடம் நெருங்கும்போது அவள் குரல் மாறியிருந்தது. சின்னக் குரல். அந்தக் குரலை நான் அதற்குமுன் அவளிடம் கேட்டதில்லை.

"அண்ணா, சார் இன்னும் அங்கதான் இருப்பாரா?"

"இருப்பார். சாயங்காலம்வரைக்கும் இருப்பார்."

"பேப்பர் அனுப்பியிருப்பாரா?"

"சாயங்காலம்தான் அனுப்புவாங்க."

"இப்பப் போய், தலை சுத்துச்சு சார், காத்து ஒத்துக்கலை, தெரியாமப் பேசிட்டேன்னு சொன்னா..."

முன்னால் சாலை நடுவே திரும்புவதற்கு ஓர் இடைவெளி தெரிந்தது. அதை விட்டால் பாலம்தான். நான் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கி, திரும்புவதற்கு விளக்குப் போட்டேன். டிக் டிக் என்று அது அடிக்க ஆரம்பித்தது. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.

திருப்பச் சொல், என்று எனக்கு நெஞ்சு முழுக்க இருந்தது. இந்த ஊரில் யார்தான் நேராகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்? போய் ஒரு பொய் சொல்லிவிட்டு வா. நீ இடது இருக்கையில் உட்கார்ந்தால் பின்னால் இருக்கிற ஜனங்களுக்கு நல்லது. அது உண்மை, அதைவிடப் பெரிய உண்மை என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தலையாட்டிவிடுவாள். தலையாட்டிவிடுவாள் என்று தெரிந்ததால்தான் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று காலையில்தான் ஒருமுறை என்னைக் கேட்டு நடந்திருந்தாள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். லாரிக்காரன் பொறுமையிழந்து, எங்களைச் சுற்றிக்கொண்டு, தலையை வெளியே நீட்டி மலையாளத்தில் என் வம்சத்தை விசாரித்துவிட்டுப் போனான். அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேரா போங்கண்ணா," என்றாள்.

விளக்கை அணைத்துவிட்டுப் பாலத்தில் ஏறினேன். அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பள்ளுருத்தி வரும்வரை அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.